பாடம் ஏழின் கடைசிப் பக்கம்

அத்தியாயம் மூன்று

"பசிக்குதா?" என்று கேட்டார் ஸ்டெனோ அம்மாள்.

"காலைல இருந்து பச்சைத் தண்ணி குடிக்கல அக்கா. பசிக்காம?" என்றான் ஓட்டை.

"அப்போ தொண்டைக் குழியில மனசை நிறுத்து. பசியும் போயிடும், தாகமும் போயிடும். பாடம் ஏழு, பக்கம் ரெண்டு."

ஓட்டை கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைத் தடவிப் பார்த்தான். அரை நிமிஷம் கூடத் தாங்கவில்லை.

"நிறுத்திட்டேன். இப்ப பசியோட இருமலும் சேர்ந்து வருது."

ஸ்டெனோ அம்மாள் சிரிக்கவில்லை. அவர் சிரித்து ஓட்டை இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறான். இரண்டு தடவையும் யாரோ ஒருத்தன் வசமாக மாட்டியிருந்தான். இருபத்திரண்டு வருஷம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதியவர். ஊரான் பேசுவதை எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோய், இனிமேல் கேள்வியை நானே கேட்கிறேன் என்று இந்த மாடி அறையைப் பிடித்துத் துப்பறியும் பலகை மாட்டினார். அவருக்கு இருக்கும் ஒரே ஆள் ஓட்டை. நாற்பத்து நாலு வயது. வீடு வீடாக ஏறி அகராதி விற்றுக்கொண்டிருந்தவன். வாயில் ஒன்றும் தங்காது என்பதால் 'ஓட்டைவாய்' என்று பெயர் வைத்தார்கள். முழுசாகச் சொல்லச் சோம்பல்பட்டுப் பாதியோடு விட்டுவிட்டார்கள்.

மேஜையில் ஏழு மெல்லிய புத்தகங்கள் வரிசையாகக் கிடந்தன. அவற்றை நேற்று கொண்டுவந்து வைத்தது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி.

விஷயம் இவ்வளவுதான். கண்ணாடிக்காரருக்கு ஐம்பத்தாறு வயது. ஒரு தியான மையத்தில் வீட்டுக்கே பாடம் வரும் திட்டத்தில் மாணவராகச் சேர்ந்திருந்தார். வடமொழியில் ஒரு பழைய யோக நூல். அதில் தியானத்தால் கிடைக்கும் அபூர்வ சக்திகளைப் பற்றி ஒரு பகுதி. அதற்கு ஒரு உரை. அதைத் தமிழில் பெயர்த்து, வாரம் ஒரு பாடமாக வியாழக்கிழமைதோறும் மையம் அனுப்பிக்கொண்டிருந்தது. ஏழாம் பாடம் வந்தது. கடையில் பாக்கி நின்ற கண்ணாடிகளையெல்லாம் மூன்று நாளில் முடித்துக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை காலை மனிதர் லென்ஸ் தேய்க்கும் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். இருபத்தொரு நாள் கணக்கு. சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். ஆறாம் நாள் சனிக்கிழமை, மனைவி ஆள் வைத்துக் கதவை உடைத்தாள். உயிர் போய் ஒரு நாள் ஆகியிருந்தது.

போலீஸ் தற்கொலை என்று எழுதிக் கையைக் கழுவிக்கொண்டது. மையம் 'அவசரப்பட்டுவிட்டார்' என்று இரண்டு வரி அனுதாபம் அனுப்பியது. அதை விடக் கொடுமை வீட்டுக்குள்ளேயே நடந்தது. "எங்க பொண்ணு அவர் போட்டோவை மாட்ட விட மாட்டேங்கறா. நம்மள வேண்டாம்னு விட்டுட்டுப் போன மனுஷன்தானேங்கறா," என்று நேற்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள் கண்ணாடிக்காரர் மனைவி. அழவில்லை. அழுது முடித்த முகம். "அவர் சாகறதுக்காக உள்ள போகலம்மா. அப்படிப் போறவரு எதுக்குக் கண்ணாடியெல்லாம் முடிச்சுக் கொடுத்துட்டு, பிரேம் வந்தா வாங்கி வைன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போகணும்? யார் தப்புன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. யாரா இருந்தாலும் சரி."

அந்த முகம் ராத்திரி முழுக்க ஓட்டையைத் தூங்க விடவில்லை. அதனால்தான் காலையிலிருந்து வழக்கத்தை விட அதிகமாக வாயடித்துக்கொண்டிருந்தான்.

"ஆறு பாடத்தையும் படிச்சியா?" என்றார் ஸ்டெனோ அம்மாள்.

"படிச்சேன். முதல் பாடம் அடுத்தவன் மனசைப் படிக்கற சித்தி. எனக்குத் தெரிஞ்ச ஒரே சித்தி எங்க அம்மாவோட தங்கச்சி. அவங்களுக்கும் அந்த சக்தி உண்டு. மூணாவது, யார் கண்ணுக்கும் தெரியாம மறையறது. அது எனக்கு என் வீட்டுலயே வாய்ச்சிருக்கு, யாரும் திரும்பிப் பார்க்கறதில்ல."

"ஏழாவதுல என்ன வித்தியாசம்?"

"அதான் ஆளையே கொன்னுடுச்சே."

"எழுத்துல என்ன வித்தியாசம்னு கேட்டேன்."

ஓட்டை புத்தகத்தைப் புரட்டினான். முதல் ஆறும் கறாராக இருந்தன. இங்கே மனத்தை நிறுத்தினால் இது கிடைக்கும், உரைகாரர் இப்படிச் சொல்கிறார், அவ்வளவுதான், பாடம் முடிந்தது. ஏழாவது அப்படி இல்லை. மரம் வாயால் சாப்பிடுகிறதா? கருவில் கிடக்கும் பிள்ளை யாரிடம் தண்ணீர் கேட்கிறது? ஆழ்ந்த தூக்கத்தில் உன் பசி எங்கே போகிறது? பசி மனத்தின் வேலை. மனம் நின்றால் பசி நிற்கும். பசியே நின்றவனுக்கு உணவு எதற்கு, நீர் எதற்கு? ஒன்றன் மேல் ஒன்றாகக் கேள்வி அடுக்கி, கடைசியில் 'இதற்கு மேலும் ஐயம் எங்கே?' என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

"இது பாடம் மாதிரி இல்ல அக்கா. வாதாடற மாதிரி இருக்கு. படிக்கப் படிக்க எனக்கே நம்பிக்கை வருது."

"வரும். இருபத்திரண்டு வருஷம் கோர்ட்டுல கேட்டிருக்கேன். எதிராளியோட வாதத்தை ஒருத்தர் இவ்வளவு அழகா எடுத்து வெச்சார்னா என்ன அர்த்தம் தெரியுமா? அடுத்த நிமிஷம் அதைக் கிழிச்சுத் தொங்கவிடப் போறார்னு அர்த்தம். முதல்லயே சப்பையா சொல்லிட்டா உடைக்கறதுல ருசி இருக்காது."

ஓட்டை முதல் பக்கத்துக்குத் திரும்பினான்.

"அப்போ இது எதிராளி பேச்சுங்கறீங்களா?"

"கடைசிப் பக்கத்தைப் பாரு. ஆறு பாடத்திலயும் அடியில என்ன போட்டிருக்கு?"

'இப்பொருள் முற்றிற்று' என்று போட்டிருந்தது. ஆறிலும். ஏழில் இல்லை. 'ஐயம் எங்கே' என்ற கேள்விக்குக் கீழே ஒரு தாமரைப் படத்தைப் போட்டு மூடியிருந்தார்கள்.

"முடியலை, அதனால முற்றிற்று போடலை," என்றார் ஸ்டெனோ அம்மாள், குடையை எடுத்துக்கொண்டே. "மொழிபெயர்த்த பண்டிதர் விலாசம் முதல் பக்கத்திலயே இருக்கு. கிளம்பு. வழியில ஏதாவது வாங்கித் தின்னு."

பண்டிதரின் வீடு நாலாம் மாடியில். லிப்டில் 'பழுது' என்று ஒரு அட்டை தொங்கியது. அந்த அட்டையே பழுப்பேறிப் போயிருந்தது.

"ஆகாயத்துல போற சக்தி எத்தனாவது பாடம் அக்கா?" என்றான் ஓட்டை, மூன்றாம் மாடியில் மூச்சு வாங்க.

கதவைத் திறந்தவருக்கு எழுபது இருக்கும். கல்லூரியில் வடமொழி சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கையில் பூதக்கண்ணாடி. கூடம் முழுக்கப் புத்தகம். நாற்காலி மேல் புத்தகம், நாற்காலிக்கு அடியிலும் புத்தகம். மையத்தின் பெயரைச் சொன்னதுமே முகம் வேப்பெண்ணெய் குடித்தது மாதிரி ஆயிற்று.

"அவங்க அனுப்பினவங்கன்னா படியிறங்கிப் போயிடுங்க. அவங்களுக்கு வேண்டியது பட்டியல். பறக்கறது, மறையறது, கூடு விட்டுக் கூடு பாயறது. அந்த நூல்லயே, அந்தப் பகுதியிலயே, இந்த சக்தியெல்லாம் வழியில கிடக்கற முள்ளு, தாண்டிப் போடான்னு எழுதியிருக்கு. அதைப் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கு? பட்டியலை மட்டும் கிழிச்சு எடுத்துட்டு ஓடிடறாங்க."

"ஏழாம் பாடம் எத்தனை பக்கம் எழுதிக் கொடுத்தீங்க?" என்றார் ஸ்டெனோ அம்மாள்.

"ஒன்பது."

"எங்ககிட்ட நாலுதான் இருக்கு."

பண்டிதர் புத்தகத்தை வாங்கிப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் தாமரைப் படத்தின் மேல் கண்ணாடி நின்றது.

"அடப் பாவி," என்றார். "பிரிச்சுட்டானா?"

அப்புறம் அவரே மளமளவென்று சொன்னார். அந்தக் காலத்து உரைகாரர்களுக்கு ஒரு பழக்கம். தாங்கள் மறுக்கப்போகும் கட்சியை முதலில் சொல்வார்கள்; ஏனோதானோ என்று சொல்லாமல், அந்தக் கட்சிக்காரனே வந்து பேசினாலும் இவ்வளவு நன்றாகப் பேசமாட்டான் என்கிற மாதிரி சொல்வார்கள். பிறகுதான் தங்கள் முடிவை வைப்பார்கள். படித்தவர்களுக்கு இது தெரியும். முதல் பாதியில் யாரும் உட்கார்ந்துவிட மாட்டார்கள். 'அதற்கு விடை' என்ற இடம் வரும்வரை காத்திருப்பார்கள்.

"விடை என்ன?" என்றார் ஸ்டெனோ அம்மாள்.

பண்டிதர் ஒரு நோட்டைத் தேடி எடுத்து வாசித்தார். "'விளக்கின் முன் திரை போட்டால் சுடர் தெரியாது, எண்ணெய் தீர்வது நிற்காது. இந்த சக்தியால் பசியும் தாகமும் தெரியாமல் போகின்றனவே தவிர, உடல் வற்றுவது நிற்பதில்லை. பசியென்னும் காவல்காரன் இல்லாதவனுக்கு வெளியில் இருப்பவரே காவல். அவன் கேளாவிட்டாலும் நாளுக்கு மூன்று வேளை நீர் புகட்டுக. அவனைக் கதவு தாழிட விடாதே.'"

வாசித்துவிட்டு நிமிர்ந்தார். இருவர் முகத்தையும் பார்த்தார்.

"யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

ஸ்டெனோ அம்மாள் சொன்னார். சுற்றி வளைக்காமல் நாலு வாக்கியத்தில் சொன்னார். பண்டிதர் நாற்காலியில் கிடந்த புத்தகங்களை ஒதுக்கக்கூட இல்லாமல் அவற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அந்த நாலு பக்கத்தை நான் ரொம்ப ரசிச்சு எழுதினேன்மா," என்றார். "மூலத்தை விட நல்லா வந்திருக்குன்னு எனக்கே ஒரு கர்வம். கொஞ்சம் மோசமா எழுதியிருந்தா அந்த மனுஷன் நம்பியிருக்க மாட்டார்."

ஓட்டைக்கு ஏதாவது வேடிக்கையாகச் சொல்லத் தோன்றியது. நல்ல காலம், ஒன்றும் வரவில்லை.

கிளம்பும்போது பண்டிதர் ஒரு கோப்பிலிருந்து இரண்டு தாள்களை உருவிக் கொடுத்தார். ஒன்று, ஆறு மாதம் முன்பு மையத்துக்கு அவர் எழுதிய கடிதத்தின் நகல்: ஒன்பது பக்கத்தையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும், பிரித்தால் ஆபத்து. இன்னொன்று அதற்கு வந்த பதில். 'தங்கள் கருத்து கவனிக்கப்பட்டது. பாடங்களின் அளவை முடிவு செய்வது எங்கள் பொறுப்பு.' அடியில் மையத்தை நடத்தும் ஆசானின் கையெழுத்து, பெரிதாக, சுழித்துச் சுழித்து.

"மாட்டினான்," என்றான் ஓட்டை, படியிறங்கும்போது. "தலைகீழா நின்னாலும் இதுலேருந்து தப்பிக்க முடியாது. அவன்தான் தலைகீழா நிக்கறதுலயும் கெட்டிக்காரனாமே."

 ஸ்டெனோ அம்மாள் விரல் விட்டுக் கிழமைகளைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

தியான மையம் கண்ணாடிக் கட்டடம். உள்ளே போனதும் குளிர். வரவேற்பில் இருந்த பெண் தூங்கும் குழந்தை பக்கத்தில் இருப்பது போலப் பேசினாள். ஆசானின் அறைக்குப் போகும் வழியில் ஒரு நீண்ட கூடம்; நாலு பெண்கள் மேஜையைச் சுற்றி நின்று பாடப் புத்தகங்களை உறைக்குள் போட்டுப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஓட்டை அங்கே சற்றுப் பின்தங்கினான். அவனுக்கு எதையாவது எடுத்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

ஆசானுக்கு நாற்பத்தைந்து வயது. தாடி அளவாக வெட்டியிருந்தது. இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் மாவரைக்கும் இயந்திரம் விற்கும் கம்பெனியில் விற்பனைத் தலைவராக இருந்தவர் என்று ஓட்டை ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தான்.

"ஏழாம் பாடத்தை ஏன் நடுவுல வெட்டினீங்க?" என்றார் ஸ்டெனோ அம்மாள், உட்கார்ந்த கையோடு.

"வெட்டலையேம்மா. பிரிச்சோம். ஒரு பாடம்னா எட்டுப் பக்கம். அதுக்கு மேல போனா மாணவர்களுக்குச் சுமை."

"ஏழாம் பாடம் நாலு பக்கம்தான் இருக்கு."

"மீதி நாலு பக்கத்துல இவரோட போட்டோ இருக்கு அக்கா," என்றான் ஓட்டை.

ஆசான் கோபப்படவில்லை. புன்னகை இம்மியும் நகரவில்லை.

"வெளிப்படையாவே சொல்றேன். எல்லா வருஷமும் ஏழாம் பாடத்தோட பாதிப்பேர் விலகிடறாங்க. ஏன்? ஒவ்வொரு பாடமும் முடிஞ்சு போயிடுது. முடிஞ்சு போனா எவன் அடுத்ததுக்குக் காத்திருப்பான்? அதனால இந்த வருஷம் உச்சத்துல நிறுத்தினோம். ஒருத்தர் கூட விலகல."

"ஒருத்தர் விலகிட்டார்," என்றார் ஸ்டெனோ அம்மாள்.

ஸ்டெனோ அம்மாள் இரண்டு கடிதங்களையும் மேஜை மேல் வைத்து, பதிலில் இருந்த கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். "பாடம் வந்த வாரமே பயிற்சியைத் தொடங்கணும்னு புத்தகத்துக்குப் பின்னாடி அச்சடிச்சிருக்கீங்க. மறுப்பு அடுத்த வாரம் வரும். நடுவுல ஏழு நாள் மனுஷன் எதை நம்பி இருப்பான்? பிரிச்சா ஆபத்துன்னு எழுத்துல சொன்ன பிறகும் பிரிச்சிருக்கீங்க."

ஓட்டை அந்தப் புன்னகை விழுவதைப் பார்க்கக் காத்திருந்தான். ஆனால் அது விழவில்லை. ஆசான் மணியை அழுத்தினார். ஒருத்தர் நீளமான பதிவேட்டைக் கொண்டுவந்து, தயாராக நாடா வைத்திருந்த பக்கத்தைத் திறந்து காட்டினார்.

"எங்க பாடம் தபால்ல போறதில்லை. எங்க ஆளே வீட்டுல போய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கிட்டு வருவார். எட்டாம் பாடம், வியாழக்கிழமை, காலை பதினொண்ணு பத்து. டாக்டர் சொன்னபடி அவர் உயிர் போனது வெள்ளிக்கிழமை. தண்ணி புகட்டுன்னு எட்டாம் பாடத்தோட முதல் பக்கத்திலயே இருக்கு. கையெழுத்து யாரோடதுன்னு பாருங்க."

பார்க்க வேண்டியதே இல்லை. நேற்று ஸ்டெனோ அம்மாளின் அலுவலகப் படிவத்தில் கண்ணாடிக்காரர் மனைவி போட்ட அதே கையெழுத்து. கொஞ்சம் சாய்ந்த, பள்ளிக்கூடத்துக் கையெழுத்து.

"மருந்தை வீட்டு வாசல்ல கொண்டு போய்க் கொடுத்திருக்கோம்," என்றார் ஆசான், பரிவாக. "வாங்கி வெச்சுட்டு எடுத்துக் கொடுக்கலன்னா மையம் என்னம்மா செய்யும்? அந்தம்மா மேல எனக்கு வருத்தம்தான். நீங்க புகார்னு போனா இந்தப் பக்கத்தை நான் காட்டித்தான் ஆகணும். அவங்களுக்கு அது தேவையா?"

ஓட்டைக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஸ்டெனோ அம்மாள் அவன் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு வெளியே வந்தார்.

வெயிலில் நின்றபடி ஓட்டை சட்டைக்குள்ளிருந்து ஒரு வெற்று உறையை எடுத்தான். ஒட்டும் மேஜையிலிருந்து சுட்டது.

"இதைப் பாருங்க அக்கா. பயல் நம்மகிட்ட இதைச் சொல்லல."

உறையின் வாயில் சிவப்பு எழுத்து. 'பயிற்சி செய்யும் சாதகர் தவிர வேறு எவரும் பிரிக்கலாகாது. பிறர் பிரித்தால் அதுவரை பெற்ற பலன் அனைத்தும் அழியும்.'

"வெளியில இருக்கறவகிட்ட உள்ள தண்ணி கொடுன்னு சொல்ற கடுதாசியை, வெளியில இருக்கறவ பிரிக்கக் கூடாதாம்! உள்ள இருக்கறவன் வெளியில வந்து படிச்சு, மறுபடி உள்ள போய், தாகம் எடுக்காம உட்காரணுமா? என்ன மாதிரி ஆளுங்கடா நீங்க!" ஓட்டை தெருவென்றும் பாராமல் கத்தினான். பிறகு குரல் இறங்கியது. "அக்கா, அந்தம்மாகிட்ட சொல்ல வேண்டாம். ஏழாம் பாடம் வரைக்கும் சொல்லுவோம். அவன் வெட்டினான், அவன்தான் குற்றவாளி. அது போதும். பொய் இல்லையே."

"நான் சொல்லலன்னா அவன் வக்கீல் சொல்லுவான். கூண்டுல நிக்க வெச்சு, நாலு பேருக்கு முன்னாடி, முதல் கேள்வியா. அந்த மாதிரி கேள்வியை நான் எத்தனை தடவை எழுதியிருக்கேன் தெரியுமா?" என்றார் ஸ்டெனோ அம்மாள். "பதில் சொல்ல வர்றவங்களுக்கு வார்த்தையே வராது. பதில் எழுதற இடத்துல வெறும் கோடு போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போகணும்."

கண்ணாடிக் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கண்ணாடிக்காரர் மனைவி உள்ளே பிரேம்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கடைக்குப் பின்பக்கமே வீடு. லென்ஸ் தேய்க்கும் அறையின் கதவில் உடைந்த தாழ்ப்பாளுக்குப் பதிலாகக் கயிறு கட்டியிருந்தது. வாசலையொட்டி ஒரு முக்காலி.

ஸ்டெனோ அம்மாள் முதலில் பண்டிதர் சொன்னதைச் சொன்னார். நாலு பக்கம், ஐந்து பக்கம், நடுவில் வெட்டு. கடிதங்களைக் காட்டினார். அவள் இரண்டையும் இரண்டிரண்டு தடவை படித்தாள்.

"அப்போ அவர் எங்களை விட்டுட்டுப் போகணும்னு போகல," என்றாள். "பொண்ணுகிட்ட காட்டணும். இதை ஒரு நகல் எடுத்துத் தருவீங்களா?"

"தர்றோம்."

"அஞ்சு பக்கத்தையும் குப்பையில போட்டுட்டானா?"

ஓட்டை சுவரில் இருந்த பார்வை பரிசோதிக்கும் அட்டையைப் பார்த்தான். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. கடைசி வரி அவனுக்குத் தெரியவில்லை.

"இல்லம்மா," என்றார் ஸ்டெனோ அம்மாள். "அடுத்த வியாழக்கிழமை அனுப்பினான். எட்டாம் பாடமா."

அவளுடைய கை பிரேமைத் துடைத்துக்கொண்டே இருந்தது. ஒரே இடத்தை.

"அன்னிக்கு ஒரு கவர் வந்துச்சு," என்றாள்.

எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். அவருடைய துவைத்து மடித்த சட்டைகளுக்கு மேல் அந்த உறை இருந்தது. பசை பிரியவில்லை. ஒரு மூலை கூட மடங்கவில்லை.

"வெளியில வந்ததும் முதல் வேலையா இதைக் கேப்பாருன்னு எடுத்து வெச்சேன். வியாழக்கிழமை முழுக்க அந்த முக்காலியில மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு அடியில இடுக்கு இருக்கு. உள்ள தள்ளலாமான்னு கூட நினைச்சேன். சத்தம் கேட்டு அவர் பயிற்சி கலைஞ்சிடுமோன்னு விட்டுட்டேன்." சிவப்பு எழுத்தின் மேல் விரலை வைத்தாள். "முப்பது வருஷத்துல அவருக்கு வந்த ஒரு கடுதாசியைக் கூட நான் பிரிச்சதில்லம்மா. இப்படிச் சிவப்புல எழுதி வெச்சது வேற."

"பிரிக்க வேண்டாம்," என்றான் ஓட்டை. அவன் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. "அம்மா, பிரிக்காம அப்படியே கோர்ட்டுல கொடுத்துடலாம். அதுல ஒண்ணும் பெரிசா இல்ல."

அவள் அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பொய் சொல்லத் தெரியாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு லென்ஸ் வேலைக்கு வைத்திருந்த சின்னக் கத்தியை எடுத்து, உறையின் ஓரத்தைச் சுத்தமாக அறுத்தாள்.

முதல் பக்கத்தை நின்றபடியே படித்தாள். உதடு மட்டும் அசைந்தது. ஓரிடத்தில் நின்றது, மறுபடி அந்த வரியின் தொடக்கத்துக்குப் போயிற்று. எந்த வரி என்று இருவருக்கும் தெரியும். படித்து முடித்ததும் உட்காரவில்லை, கத்தவில்லை. புத்தகத்தை மூடித் திரும்ப உறைக்குள் வைத்தாள்.  அறுத்த ஓரத்தை விரலால் அழுத்தி நீவினாள்.

"யாரா இருந்தாலும் சரின்னு நான்தான் சொன்னேன்," என்றாள்.

"தப்பு உங்க மேல இல்லம்மா," என்றார் ஸ்டெனோ அம்மாள். "பிரிக்காதேன்னு போட்டவன் அவன். அதையும் சேர்த்துத்தான் புகார் எழுதப் போறோம். ஆனா இந்தக் கையெழுத்தை வெச்சு உங்களைத்தான் முதல்ல இழுப்பான். உங்க பொண்ணுக்கும் தெரிய வரும். வேண்டாம்னு நினைச்சா இதோட நிறுத்திக்கலாம். யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டாங்க."

"நிறுத்தினா?"

"அடுத்த வருஷம் இதே பாடத்தை இன்னொரு வீட்டுக்கு அனுப்புவான்."

வெளியே தெருவில் யாரோ ஷட்டரைத் தட்டி, கடை உண்டா என்று கேட்டார்கள். கேட்டவர் போய்விட்டார்.

"எழுதுங்க," என்றாள்.

ஸ்டெனோ அம்மாள் பையிலிருந்து நோட்டை எடுத்தார். "ஏழாம் பாடத்துலேருந்து ஆரம்பிக்கலாம். பண்டிதரோட கடிதம், ஆசானோட பதில், அப்புறம் பயிற்சி. உறை விஷயத்தைக் கடைசியில வெச்சுக்கலாம்."

"வேண்டாம். உறையிலேருந்து ஆரம்பிங்க. அவன் வக்கீல் கண்டுபிடிச்சு எடுக்கற மாதிரி நான் எதையும் வெச்சுக்கப் போறதில்ல."

அவள் முக்காலியை இழுத்து, கயிறு கட்டிய கதவுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். அங்கே உட்கார்ந்து பழகியவள் போல உட்கார்ந்தாள். ஓட்டை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வியாழக்கிழமை காலைல பதினொண்ணு பத்துக்கு எட்டாம் பாடம் வந்தது," என்று ஆரம்பித்தாள். ஒவ்வொரு வாக்கியமாக, எழுதுகிறவர் கைக்கு நேரம் கொடுத்துச் சொன்னாள். "கையெழுத்துப் போட்டு வாங்கினது நான். மத்தவங்க பிரிக்கக் கூடாதுன்னு போட்டிருந்தது. நான் பிரிக்கல. மடியில வெச்சுக்கிட்டுக் கதவுக்கு வெளியில உட்கார்ந்திருந்தேன்."

சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டிருந்த பென்சில் நின்றது. போதும் என்று ஸ்டெனோ அம்மாள் தலையசைத்தார்.

"இல்ல, இன்னும் ஒண்ணு இருக்கு," என்றாள் அவள். "அப்போ உள்ள அவர் இருமினார். ரெண்டு தடவை. எனக்குக் கேட்டது. அதையும் எழுதுங்க."

ஸ்டெனோ அம்மாள் எழுதினார்.